வண்டி பழகலும் களஞ்சியம் எழுதலும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்று நம் கல்லூரியில் எந்த வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட கைகள் உயரும். "யாரிடம் கற்றீர்கள்?" என்று அடுத்துக் கேளுங்கள். அண்ணன், மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு மெக்கானிக் என்று உறவுமுறைகள் ஒவ்வொன்றாக வரும். "நானே பழகிக்கொண்டேன்" என்று மார்தட்டுவோரும் உண்டு. பயிற்சிப் பள்ளியில் கற்றேன் என்று சொல்ல ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பரதம் கற்க ஆசிரியர் உண்டு; தவில் கற்க ஆசிரியர் உண்டு; தட்டச்சுக் கற்கத் தெருவுக்கொரு நிலையம் இருந்த ஊர் தஞ்சை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய ஒரு காரியத்துக்கு மட்டும் நமக்கு ஆசிரியர் இல்லை.

இதைக் குறையாகச் சொல்லத்தான் நான் முதலில் எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்கும்போது என் எண்ணம் பாதி மாறிவிட்டது. மாறிய கதையைச் சொல்வதே இக்கட்டுரை.

சென்ற கல்வியாண்டில் எங்கள் தமிழ் ஐயா ஒரு வேலை கொடுத்தார். இணையத்தில் எவரும் எழுதவும் எவரும் திருத்தவும் கூடிய தமிழ்க் களஞ்சியத்துக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும். வெளியிடுவதற்கு முன் அவரிடம் காட்ட வேண்டும். வகுப்பில் பெரும்பாலோர் நம் ஊர்ப் பெருமைகளை எடுத்துக்கொண்டார்கள். பெரிய கோயில், சரசுவதி மகால், தலையாட்டி பொம்மை, தஞ்சை ஓவியம். நான் மட்டும் 'இருசக்கர வண்டி ஓட்டப் பயிற்சி' என்று எழுதிக் கொடுத்தேன். வகுப்பு சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. காரணம் அவருக்குத் தெரியும்.

அதற்கு முந்திய தை மாதம். அறுவடை மும்முரம். என் பக்கத்து இருக்கையில் மூன்று பருவம் அமர்ந்திருந்த நண்பன் மாலையில் திருவையாற்றுச் சாலையில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். அந்தச் சாலையை அறிந்தவர்களுக்கு அதன் ஐந்து பாலங்களும் தெரியும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக வரும். பாலம் ஏறும்போது எதிர்ப்பக்கம் தெரியாது; இறங்கும்போதுதான் தெரியும். அவன் இறங்கியபோது சாலையின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மறுபாதியில் டிராக்டர் வந்தது. பிரேக் பிடித்தான். தலைக்கவசம் பெட்ரோல் டாங்கின் மேல் இருந்தது. அவன் வீட்டார் விரும்பாததால் பெயரை இங்கே எழுதவில்லை.

அவனுக்கு வண்டி பழக்கியவன் நான்.

கோயில் திடலில் மூன்று மாலைப் பொழுதுகள். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்சை மெல்ல விடு, ஆக்சிலேட்டரை முறுக்காதே" என்று கத்திக்கொண்டிருப்பேன். என் மாமா எனக்குச் சொன்னதை நான் அவனுக்குச் சொன்னேன். அதில் ஒன்று: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுவிடும்." அவன் அன்று எந்தப் பிரேக்கைப் பிடித்தான் என்பதை யாரும் அறியார். நானும் அறியேன். ஆனால் களஞ்சியத்துக்கு நான் எழுதிய கட்டுரையின் முதல் வரி இப்படி இருந்தது: "முறையான பயிற்சி பெற்றவர்கள் விபத்தில் இறப்பதில்லை."

ஐயா அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, "சான்று?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒருவன் மனம் வெந்து எழுதியதைக் கணக்கு நோட்டைப் போலத் திருத்துவதா என்று நினைத்தேன். ஐயா என்னை அமரச் சொன்னார். "களஞ்சியம் என்றால் என்ன தம்பி?" என்று கேட்டார். தஞ்சை மண்ணில் பிறந்தவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது! நெல் கொட்டி வைக்கும் இடம். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று செங்கற் கோபுரம் போல இன்றும் நிற்கிறது. "அதில் ஈர நெல்லைக் கொட்டினால் என்ன ஆகும்?" என்றார். கொட்டிய நெல் மட்டுமா கெடும், அடியில் இருப்பதும் சேர்ந்தல்லவா புழுங்கும்! கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் மூட்டையைத் திருப்பி விடுவார்கள். எங்கள் அப்பா எத்தனையோ முறை அதற்காகச் சண்டை போட்டிருக்கிறார். ஆனால் வீட்டுக் குதிருக்குள் அவரும் ஈர நெல்லைக் கொட்ட மாட்டார். ஐயா சொல்ல வந்தது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தாலும் கோபம் ஆறவில்லை. அது வேறு செய்தி.

தமிழில் களஞ்சியம் செய்தவர்கள் எளிதில் செய்துவிடவில்லை. சிங்காரவேலு முதலியார் ஒற்றை ஆளாகத் திரட்டிய அபிதான சிந்தாமணி 1910ல் வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. நம் தஞ்சையில் 1981ல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியலுக்கு ஒன்றும் வாழ்வியலுக்கு ஒன்றுமாகக் களஞ்சியங்கள் வெளியிட்டது. இவையெல்லாம் அறிஞர் கூடி எழுதியவை. 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவோ யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று வாசலைத் திறந்துவிட்டது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மயூரநாதன் போன்றோர் தொடக்க காலத்திலிருந்து உழைத்ததன் பயனாக இன்று அதன் கட்டுரைகள் ஒன்றரை இலட்சத்தைக் கடந்துவிட்டன. வாசல் திறந்திருப்பதால்தான் அங்கே 'சான்று எங்கே?' என்ற காவலாள் தேவைப்படுகிறான். அறிஞர் எழுதினால் அவர் பெயரே சான்றாக நிற்கலாம். என்னைப் போன்றவன் எழுதினால் நிற்க வேறென்ன இருக்கிறது?

ஆகவே சான்று தேடப் புறப்பட்டேன்.

முதலில் கிடைத்தது எனக்கு வேண்டியதாகவே இருந்தது. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பார் தம் குழுவினருடன் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்தார். அந்த அறிக்கை 1981ல் வெளிவந்தது. விபத்தில் சிக்கியவர்களுள் 92 விழுக்காட்டினர் தாமே கற்றவர்கள், அல்லது குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள் என்கிறது அது. 'நண்பர்களிடமோ' என்ற சொல்லைக் கண்டபோது நூலகத்தில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். சற்று நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தேன்.

மேலும் படித்தால், ஆபத்து கண்ணில் பட்ட பின் ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் இரண்டு வினாடிக்கும் குறைவு என்று இருந்தது. அந்த நேரத்தில் பலரும் பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்து வழுக்குகிறார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிப்பதில்லை. என் மாமாவின் உபதேசம் கலிபோர்னியா வரை போயிருக்கிறதே என்று வியந்தேன்.

இந்த 92 விழுக்காட்டை வைத்துக்கொண்டு என் முதல் வரியைக் காப்பாற்றிவிடலாம் என்றிருந்தேன். புள்ளியியல் படிக்கும் தோழி ஒருத்தி அதைக் கெடுத்தாள். "நம் மாவட்டத்தில் விபத்தில் சிக்காதவர்களும் அப்படிக் கற்றவர்கள்தானே? எல்லாரும் ஒரே வகையாகக் கற்ற ஊரில் அந்த எண்ணை மட்டும் வைத்து என்ன சொல்ல முடியும்?" என்றாள். ஹர்ட் அறிக்கை பயிற்சி நன்மை செய்கிறது என்றுதான் சொல்கிறது. ஆனால் அதற்குப் பின் வந்த ஆய்வுகளையும் பார்க்க வேண்டுமல்லவா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2010ல் 23 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஆய்வுகளின் தரம் போதாது, எனவே பயிற்சி விபத்தைக் குறைக்கிறதா, எந்தப் பயிற்சி சிறந்தது என்பதை அவற்றைக் கொண்டு முடிவு செய்ய இயலவில்லை என்று எழுதிவிட்டார்கள். தாமே விரும்பிப் பயிற்சிக்கு வருபவர் இயல்பிலேயே எச்சரிக்கையானவராக இருக்கலாம். பயிற்சி பெற்றவருக்குத் திறமையோடு துணிச்சலும் கூடிவிடலாம். எது எதனால் என்று பிரிப்பது கடினம்.

அதே அமைப்பு 2008ல் தலைக்கவசத்தைப் பற்றியும் ஆய்வுகளைத் திரட்டியிருந்தது. அங்கே தயக்கம் இல்லை. தலைக்கவசம் மரண வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது.

டாங்கின் மேல் இருந்த அந்தத் தலைக்கவசம்!

என் முதல் வரியை நானே அடித்தேன். 'பயிற்சி இருந்தால் அவன் பிழைத்திருப்பான்' என்று எழுத எனக்கு உரிமையில்லை. 'கவசம் தலையில் இருந்திருந்தால் பிழைக்கும் வாய்ப்புக் கூடியிருக்கும்' என்று எழுதலாம். இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள வேற்றுமை சிறியது என்று சிலர் எண்ணக்கூடும். எனக்கு அது பெரியது. முதல் வாக்கியம் என் நெஞ்சில் அடித்துக்கொள்வதற்காக எழுதியது. இரண்டாவது, நாளை வண்டியை எடுக்கப் போகிறவனுக்காக எழுதுவது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். அவ்வாண்டு தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இவை நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட எண்கள். தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிய உயர்நீதிமன்ற ஆணை 2015 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது ஊரெல்லாம் முணுமுணுத்தது எனக்கு நினைவிருக்கிறது. முடி கொட்டும் என்றார்கள். காது கேட்காது என்றார்கள். வீட்டுக்கொரு கவசம் வாங்கினோம். தலைக்கு வாங்கியதைக் கைப்பிடியில் மாட்டினோம்.

இனி பிரேக்கின் செய்திக்கு வருகிறேன். இந்த இடத்தில்தான் ஆங்கிலக் கட்டுரையை அப்படியே தமிழாக்கிப் போட்டுவிடுவது எவ்வளவு தவறு என்பதை நான் உணர்ந்தேன்.

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் போட்டால் நாமெல்லாம் முன்னால் சாய்கிறோம். வண்டியின் பாரமும் அப்படியே முன்னால் சாய்கிறது. முன் சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்கிறது. பின் சக்கரம் இலேசாகிறது. இலேசான சக்கரத்தை இறுக்கினால் அது சுற்றாமல் நின்று வழுக்கும். ஆகவே காய்ந்த தார்ச்சாலையில் வண்டியை நிறுத்தும் வலிமையில் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். மேலைநாட்டுப் பயிற்சி நூல்கள் யாவும் கூறுவது இதுவே. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் புதிய வண்டிகளில், 125 சி.சி. வரை இரு பிரேக்கும் இணைந்து இயங்கும் அமைப்பும், அதற்கு மேல் சக்கரம் இறுகி நிற்காமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் இருக்க வேண்டும் என்று விதி வந்ததும் இதன் அடிப்படையில்தான். ஆனால் நம் கிராமங்களில் ஓடும் வண்டிகளில் எத்தனை 2019க்கு முந்தியவை என்று எண்ணிப் பாருங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டுக்குப் போய், மாமா தவறாகச் சொல்லிவிட்டார் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா வரப்பு வெட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"தார் ரோட்டுல நீ சொல்றது சரி தம்பி. நெல்லு மேல பிடிச்சுப் பாரு" என்றார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எவ்வளவு பழைய மொழி! நெல்மணி சக்கரத்தின் கீழ் உருளும். சக்கரம் சாலையைத் தொடாமல் நெல்லின் மேலே மிதக்கும். அங்கே முன் பிரேக்கை இறுக்கினால் முன் சக்கரம் விலகும். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க ஒரு வாய்ப்பு உண்டு; முன் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் தரைதான். மாமாவின் சொல் தார்ச்சாலைக்குத் தவறு. தை மாதத்துச் சாலைக்குப் பாதி சரி. அவர் முட்டாள்தனமாகச் சொல்லவில்லை. முப்பது ஆண்டு நெல்லிலும் சேற்றிலும் வண்டி ஓட்டியவர் தம் அநுபவத்தைச் சொன்னார். எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. எனக்கும் இல்லை. அதனால்தான் திடலில் கற்ற ஒரே விதியை என் நண்பன் எல்லாச் சாலைக்கும் கொண்டுபோனான்.

நெல் கண்ணில் பட்டவுடனே, தார் இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். நெல்லின் மேல் ஏறிய பின் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை, முறுக்கலும் இல்லை. நேராக, மெதுவாக, அப்படியே கடக்க வேண்டும். அப்பாவும் மற்றப் பெரியவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். கேட்டால் சொல்லத் தெரியாது, கை செய்யும். மேல்நாட்டுக் கட்டுரையில் மணலும் சரளையும் வரும். நெல் வருமா? குறுவை அறுவடையின்போது மழையும் சேர்ந்துகொள்ள, வயலிலிருந்து ஏறும் டிராக்டரின் இரும்புச் சக்கரம் தார்ச்சாலையில் கொட்டிவிட்டுப் போகும் சேறு வருமா? ஈர வைக்கோல், மதகுத் திருப்பம், தடுப்புச் சுவர் இல்லாத ஆற்றங்கரைச் சாலை, அந்தி நேரத்தில் வயலிலிருந்து கிளம்பிக் கண்ணில் அடிக்கும் பூச்சிக் கூட்டம், அறுத்த வயலில் மேய்ந்துவிட்டுச் சாலையைக் கடக்கும் ஐந்நூறு வாத்துகள், இவற்றில் ஒன்றாவது வருமா? வாத்துக்கு நின்றவனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் ஒரு முறை வாத்துக் கூட்டத்துக்குள் வண்டியை விட்டுப் பார்க்கட்டும்.

சாலையில் நெல் காய வைப்பதே தவறு, அதைத் தடுத்தால் போயிற்று என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டு நெல்லும் சாலையில் காய்ந்ததுதான். 17 விழுக்காடு ஈரப்பதம் என்றால் எங்காவது காய வைத்தாக வேண்டும். உலர்களம் எல்லா ஊரிலும் போதுமான அளவு இல்லை. உழவன் மீது பழி போடுவது எளிது. நான் போட மாட்டேன். போடாமலிருக்க எனக்கு வேறு காரணமும் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு பகுதி எழுதினேன். பழகுநர் உரிமமாகிய எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் கழித்துத்தான் ஓட்டித் தேர்வுக்குப் போகலாம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் தேர்வில் பார்க்க வேண்டியவை வரிசையாக உள்ளன. கிளம்புமுன் கவனிக்க வேண்டியவற்றைக் கவனித்தல், முந்துதல், அவசரத்தில் நிறுத்துதல் யாவும் அதில் உண்டு. ஆனால் தேர்வு என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? 'எட்டு'. கால் ஊன்றாமல் எட்டுப் போட்டவன் ஓட்டத் தெரிந்தவன். எட்டுப் போடுவது மெதுவாகச் செல்லும்போது வண்டியை அடக்கும் கலை; அதை நான் இகழவில்லை. எட்டுப் போடும் வேகத்தில் யாரும் சாவதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

கார் பயிற்சிப் பள்ளிகள் இருக்கும்போது பைக்குக்கு ஏன் இல்லை என்பதற்கும் விடை அங்கேயே கிடைத்தது. பள்ளிக் காரில் ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மோட்டார் சைக்கிளில் பழகுபவருக்குப் பின்னால் உரிமம் பெற்ற ஒருவர் அமரலாம் என்கிறது விதி. அமர்ந்தால் அவர் கைக்கு என்ன எட்டும்? பழகுபவன் தோள்தான் எட்டும். நான் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பிரிட்டனில் 1990 முதல் அடிப்படைப் பயிற்சி பெறாமல் பழகுநர் சாலைக்கு வரக்கூடாது என்று ஆக்கியிருக்கிறார்கள். முதலில் திடலில் பயிற்சி. பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் சாலையில். ஆசிரியர் வேறு வண்டியில் உடன் வந்து வானொலிக் கருவி வழியாகக் காதில் பேசுகிறார். ஓர் ஆசிரியருக்குச் சாலையில் இருவருக்கு மேல் கூடாது. நடக்கக்கூடிய காரியம்தான் என்பது இதனால் தெரிகிறது.

பெற்றோர் அறிய வேண்டிய ஒன்றையும் சேர்த்தேன். பதினாறு வயதானால் கியர் இல்லாத வண்டி ஓட்டலாம் என்று நம் பக்கத்தில் உறுதியாக நம்புகிறார்கள். சட்டம் சொல்வது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டி. 1980ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 அந்த அளவுக்குள் அடங்கும். உர மூட்டையும் பால் கேனும் ஏற்றிக்கொண்டு நம் வயற்காட்டில் இன்று ஓடும் எக்ஸ்.எல். 100 அடங்காது. பெயர் மாறவில்லை, வடிவம் பெரிதும் மாறவில்லை, சட்டம் மாறிவிடுகிறது! 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, உரிமமில்லாத சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அந்தச் சிறுவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

பெண்களுக்கு வண்டி பழக்குவதைப் பற்றிய பகுதியை என் தங்கை படித்துவிட்டு, "துப்பட்டாவைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே" என்றாள். உண்மைதான். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பும், பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்வைக்கும் இடமும் வேண்டும் என்று நம் விதியே சொல்கிறது. சேலை கட்டி ஒருபக்கமாக அமர்ந்து செல்லும் நாடு அல்லவா நம் நாடு! ஆங்கிலக் கட்டுரையில் சேலை இல்லை. அதனால் என் கட்டுரையிலும் இல்லாமல் போயிற்று. சேர்த்துவிட்டேன்.

தலைப்புக்கு மட்டும் ஒரு வாரம் சண்டை. விசையுந்து என்றான் ஒருவன். இலங்கைத் தமிழர் எழுதும் உந்துருளி அழகாயிருக்கிறது என்றான் இன்னொருவன். எனக்கு உந்துருளி பிடித்தது. ஆனால் ஊரில் தேடப் போகிறவன் 'பைக் ஓட்டுவது எப்படி' என்றுதான் தேடுவான். எல்லாப் பெயரையும் முதல் வரியில் போட்டுவிட்டோம். எந்தப் பெயரில் தேடி வந்தாலும் வந்தவன் கவசத்தைப் பற்றிய வரியைப் படித்தால் போதும்.

கட்டுரையை ஐயா ஒத்துக்கொண்டார், ஒரு பத்தி தவிர. அது நெல்லைப் பற்றிய பத்தி. "இதற்கு என்ன சான்று?" "என் அப்பா." "அவர் எங்கே எழுதியிருக்கிறார்?" நான் வாய் திறக்கவில்லை. இப்போது எனக்குக் கோபமும் வரவில்லை. ஐயா செய்தது சரி. ஒருவருடைய அப்பா சொல் சான்றானால், முடி கொட்டும் என்று சொன்னவருடைய சொல்லும் சான்றாகிவிடும். தவறு எங்கே என்றால், இத்தனை இலட்சம் பேர் ஆண்டுதோறும் நெல்லின் மேலே வண்டி ஓட்டும் மண்டலத்தில் அந்த அறிவு கைகளில் இருக்கிறதே தவிர ஏட்டில் ஏறவில்லை. கலிபோர்னியாவின் சாலையை 1981லேயே ஒருவர் அளந்து எழுதி வைத்தார். அதை நான் தஞ்சையில் உட்கார்ந்து படிக்கிறேன். நம் சாலையை நாம்தான் அளக்க வேண்டும். டெப்போவில் ஓய்வுபெற்ற ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், 108 ஊர்தியில் பணியாற்றுவோர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி அச்சிட நம் கல்லூரியில் தமிழ் எழுதத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? இந்த மலரில் வந்தால் சான்றாகுமா என்று ஐயாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டார்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நம் கல்லூரித் திடலில் மாதம் ஒரு சனிக்கிழமை பிரேக் பழகும் வகுப்பு நடத்தலாம் என்பது என் கோரிக்கை. சுண்ணாம்புக் கோடு போட்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். தலைக்கவசமில்லாதவருக்கு அனுமதி இல்லை. இதனால் விபத்து குறையும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். காக்ரேன் அறிக்கையைப் படித்தவன் அப்படி எழுத முடியாது. ஆனால் நான் என் நண்பனுக்குப் பழக்கிய விதத்தில் இன்னொருவன் தன் நண்பனுக்குப் பழக்கக்கூடாது என்பதற்கு எனக்கு ஆய்வு தேவையில்லை.

நெல்லின் மேல் பிரேக் தூரத்தை அளக்கும் வேலையை நாங்கள் நால்வர் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இயற்பியல் துறை ஆசிரியர் ஒருவர் உடன் வருவதாக ஒத்துக்கொண்டார். சாலையில் இல்லை, எங்கள் ஊர் உலர்களத்தில், நடை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலான வேகத்தில். பொங்கல் கழித்து நாள் குறித்திருக்கிறோம். அப்பாவிடம் சொன்னபோது எதற்கு என்று கேட்கவில்லை. வண்டியின் முன் சக்கரத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எத்தனை மூட்டை கொட்டணும்?" என்று மட்டும் கேட்டார்.